கேன்சர் இல்லன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எதுக்கு தாடைய வெட்டணும்? அமெலோபிளாஸ்டோமா பத்தி கொஞ்சம் விவரமா

நிலக்கோட்டை பக்கம் பூ விவசாயம் பண்ற அண்ணன் ஒருத்தர், வயசு நாப்பத தாண்டியிருக்கும், ஒருநாள் மத்தியானம் கிளினிக்க மூடப்போற நேரத்துல மஞ்சப்பையோட வந்து உக்காந்தாரு. பைக்குள்ள ஒரு பழைய எக்ஸ்ரே, ஒரு புது எக்ஸ்ரே, மடிச்சு மடிச்சு கிழியப்போற நிலமையில ஒரு பயாப்ஸி ரிப்போர்ட். "டாக்டரம்மா, இதுல கேன்சர் இல்லன்னுதான போட்டிருக்கு? மதுரையில காட்டுனா தாடை எலும்புல இந்தப் பக்கத்த எடுக்கணும்ங்கிறாங்க. கேன்சரே இல்லாததுக்கு எதுக்கும்மா எலும்ப எடுக்கணும், காசு புடுங்கப் பாக்குறாங்களா?" இடது பக்கம் கீழ்த்தாடை எலுமிச்சம்பழ சைஸுக்குப் புடைச்சிருந்துச்சு. வலி கிடையாது, வெத்தலை பாக்கு புகையிலை எந்தப் பழக்கமும் கிடையாது.

ரிப்போர்ட்டுல இருந்த பேரு அமெலோபிளாஸ்டோமா. அவரு கேட்டதுல தப்பே இல்ல, நான் படிக்கிறப்ப எனக்கும் இதே சந்தேகம் வந்துச்சு. அன்னைக்கு அவருக்கு பதில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு, வீட்டுல இருந்து ரெண்டு தடவ போன் வந்துருச்சு. அதத்தான் இங்க இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

மொதல்ல இந்த 'பினைன்'ங்கிற வார்த்தை. டாக்டர் பினைன்னு சொன்னதும் நம்மாளுங்க 'சாதாரணக் கட்டி'ன்னு எடுத்துக்கிறாங்க, வம்பு அங்கதான் ஆரம்பிக்குது. கட்டியோட செல்லு ரத்தத்துலயோ நெறிகட்டி வழியாவோ கிளம்பிப் போயி நுரையீரல்ல கல்லீரல்லன்னு குடியேறாதுங்கிறது மட்டும்தான் பினைனுக்கு அர்த்தம், இருக்குற இடத்துல அது என்ன அட்டகாசம் பண்ணும்ங்கிறத அந்த வார்த்தை சொல்றதே இல்ல. கொழுப்புக் கட்டியும் பினைன்தான், முதுகுல முப்பது வருஷமா வச்சுக்கிட்டு சந்தோஷமா திரியிறவங்க இருக்காங்க. அமெலோபிளாஸ்டோமாவும் பினைன்தான், ஆனா இது எலும்ப உள்ள இருந்தே அரிச்சு அரிச்சுப் போகும், பல்லு வேரக்கூட கரைச்சிடும், கண்டுக்காம விட்டா வாய மூட முடியாம சோறு முழுங்க முடியாம மூச்சுப்பாதைய அடைக்கிற அளவுக்கு வளரும். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக் குடுக்குற மெர்சி ஷிப்ஸ்ங்கிற ஆஸ்பத்திரிக் கப்பல்ல எடுத்த போட்டோ பாத்தீங்கன்னா தெரியும், முகத்தோட சைஸுக்கு இன்னொரு முகம் மாதிரி தாடையில கட்டி தொங்கும், அதுல பல கேஸு இந்தக் கட்டிதான், கேன்சர் கிடையாது, பக்கத்துல ஆபரேஷன் பண்ண ஆளில்லாம வருஷக்கணக்கா வளந்தது.

இது எங்க இருந்து வருதுங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க. குழந்தை வயித்துல ஆறு வாரம் இருக்குறப்பவே பல்லு வேலை ஆரம்பிச்சிடுது. வாயோட உள்தோல் ஒரு பட்டை மாதிரி தடிச்சு தாடைக்குள்ள இறங்கும், அந்தப் பட்டையில அங்கங்க மொட்டு விடும், ஒவ்வொரு மொட்டும் ஒரு பல்லு. அந்த மொட்டுல உள்வரிசையா நிக்கிற உயரமான செல்லுங்கதான் அமெலோபிளாஸ்ட், பல்லு மேல இருக்குற எனாமல போடுற கொத்தனாருங்க. நம்ம உடம்புலயே கெட்டியான பொருள் எனாமல்தான், அத இந்தச் சின்னச் செல்லுங்கதான் அடுக்கு அடுக்காப் போடுது. வேலை முடிஞ்சு பல்லு ஈறுக்கு வெளிய வந்ததும் இதுங்க செத்து உதிந்துடும், அதனாலதான் எனாமல் ஒருதடவ தேஞ்சா திரும்ப வளராது, எந்த டூத்பேஸ்ட் விளம்பரம் என்ன சொன்னாலும் சரி.

ஆனா வீடு கட்டி முடிச்சு சாரம் பிரிக்கிறப்ப நாலு மூங்கில அங்கயே விட்டுட்டுப் போற மாதிரி, அந்தப் பல்லு பட்டையோட துண்டு துணுக்கு கொஞ்சம் எலும்புக்குள்ளயும் ஈறுக்குள்ளயும் மிச்சம் கிடக்கும். உங்க தாடையில இருக்கு, என் தாடையிலயும் இருக்கு, சாகுற வரைக்கும் சும்மா கிடக்கும். அபூர்வமா யாரோ ஒருத்தருக்கு அதுல ஒண்ணு முழிச்சிக்கிட்டு, பல்லு கட்டுற வேலைய பாதியில இருந்து ஆரம்பிக்குது. எனாமல் வரைக்கும் போகவே போகாது, செங்கல் இல்லாம சாரத்த மட்டும் கட்டிக்கிட்டே போற மாதிரி செல்லு மட்டும் பெருகிக்கிட்டே போகும். அதுதான் அமெலோபிளாஸ்டோமா.

பேருக்கு ஒரு சின்னக் கதை இருக்கு. இந்தக் கட்டிய மொதல்ல கவனிச்சு எழுதினவர்னு டப்ளின்ல இருந்த கியூசாக்ங்கிற சர்ஜன சொல்லுவாங்க, 1827ல. 1879ல ஃபால்க்சன்ங்கிறவரு விவரமா எழுதினாரு, 1885ல பிரான்ஸுல மாலசே இதுக்கு அடமான்டினோமான்னு பேரு வச்சாரு, எனாமலுக்கு இருந்த பழைய லத்தீன் பேர வச்சு. அந்தப் பேரக் கேட்டா என்னமோ வைரம் மாதிரி கெட்டியா இருக்கும்னு தோணும், வெட்டிப் பாத்தா உள்ள கெட்டியா ஒண்ணுமே இருக்காது, அதனால அமெலோபிளாஸ்டோமான்னு மாத்துனாங்க. இத ஏன் சொல்றேன்னா பழைய பேருல நெட்டுல தேடினா முழங்காலுக்குக் கீழ முன்னெலும்புல வர்ற வேறொரு கட்டி வந்து நிக்கும், அதுக்கு இன்னமும் அடமான்டினோமான்னுதான் பேரு, அது வேற வியாதி, படிச்சுட்டு பயந்துராதீங்க.

எத்தன பேருக்கு வரும்? வருஷத்துக்கு 10 லட்சம் பேருல ஒருத்தருக்குக்கூட வராது. வர்றவங்கள்ல பெரும்பாலும் 30ல இருந்து 60 வயசுக்குள்ள. ஆம்பள பொம்பள வித்தியாசம் பெருசா கிடையாது. சுமார் 80 சதவீதம் கீழ்த்தாடையிலதான், அதுலயும் கடைசி கடவாய்ப்பல்லு, ஞானப்பல்லு இருக்குற பின்பக்க மூலையில. புகையிலையாலயோ குடியாலயோ வர்றது இல்ல, பரம்பரையா வர்றதும் இல்ல, ஒட்டுவாரொட்டியும் இல்ல. நான் கிளினிக் வச்ச பிறகு நேர்ல பாத்தது மொத்தமே மூணு, அந்த மூணுல ரெண்டு பேரு வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுக்க வந்தவங்க.

இப்ப அந்த அண்ணன் கதைக்கு வருவோம், ஏன்னா இந்த வியாதி எப்படியெல்லாம் டிமிக்கி குடுக்கும்ங்கிறதுக்கு அவரே நல்ல உதாரணம். ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு இடது கடவாய்ப்பல்லு ஆடுச்சு. சொத்தையும் இல்ல வலியும் இல்ல, சும்மா ஆடுது. ஒரு இடத்துல போயி பல்லப் புடுங்கிட்டாரு. புடுங்குன குழி ஆறவே இல்ல, கொஞ்ச நாள்ல லேசா வீக்கம். மாத்திரை குடுத்தாங்க, வத்துன மாதிரி இருந்துச்சு, திரும்ப வந்துச்சு, திரும்ப மாத்திரை. வீட்டுல அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு பத்து போட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் "பல்லப் புடுங்குனதாலதான் கட்டி வந்துச்சு, கீழ்ப்பல்லப் புடுங்கக் கூடாதுன்னு அப்பவே சொன்னோம்ல"ன்னு முடிவே பண்ணிட்டாங்க. உண்மை அப்படியே உல்டா. கட்டி உள்ள வளந்ததாலதான் பல்லு ஆடுச்சு, பல்லு எடுக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே அது அங்க உக்காந்திருக்கு. சொத்தை இல்லாத ஈறு நோய் இல்லாத ஒரு பல்லு தன்னால ஆடுனா புடுங்குறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்க, தப்பே இல்ல.

சீழ் வீக்கத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த விரல் வச்சுப் பாத்தே ஓரளவு சொல்லிடலாம். சீழ் வீக்கம்னா தொட்டா சுடும், செவந்திருக்கும், நேத்து இல்லாதது இன்னைக்கு வந்திருக்கும், ராத்திரி தூங்க விடாது. இது மாசக்கணக்கா வருஷக்கணக்கா மெதுவா, கண்ணாடியில தினமும் முகம் பாக்குற ஆளுக்கே தெரியாம வளரும், பழைய கல்யாண போட்டோவ எடுத்துப் பாத்தாத்தான் ஒரு பக்கம் கோணலாயிருக்கிறது தெரியும். தொட்டா எலும்பு மாதிரி கெட்டியா இருக்கும். ரொம்ப வளந்து எலும்பு தகடா மெலிஞ்சு போச்சுன்னா அமுக்குறப்ப முட்டை ஓடு நொறுங்குற மாதிரி விரல்ல தெரியும், புஸ்தகத்துல படிச்சப்ப நம்பல, அந்த அண்ணன் தாடையில கட்டவிரல வச்சப்பதான் புரிஞ்சுச்சு. இன்னொண்ணு, கட்டி பெருசா இருந்தும் கீழ் உதடு மரத்துப் போகாம இருக்கிறது இதுல சகஜம், நரம்ப தின்னாம தள்ளி ஓரங்கட்டிட்டு வளரும். அதனால தாடைக் கட்டியோட உதடு மரத்துப்போச்சுன்னு யாராவது சொன்னா நாங்க உடனே உஷாராயிடுவோம், அது வேற மோசமான சமாச்சாரமா இருக்கலாம்.

எக்ஸ்ரேன்னா ஒரு பல்லுக்கு எடுக்குற சின்ன ஃபிலிம் பத்தாது. ஓபிஜின்னு ஒண்ணு இருக்கு, மெஷின் தலைய ஒரு சுத்து சுத்தி ரெண்டு தாடையையும் ஒரே படமா விரிச்சுக் காட்டும், ஸ்கேன் சென்டர்ல எடுப்பாங்க, சில நூறு ரூபா ஆகும். அந்த அண்ணனோட புது ஓபிஜிய லைட்டுல வச்சுப் பாத்தா, இடது தாடை மூலையில இருந்து ரெண்டாவது கடவாய்ப்பல்லு வரைக்கும் கறுப்பா பெருசும் சிறுசுமா குமிழு குமிழா, குழந்தைங்க சோப்புத் தண்ணியில ஊதுன மாதிரி. சிலருக்கு தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறையா தெரியும். அந்தக் குமிழத் தொட்டுக்கிட்டிருந்த பல்லோட வேரு கத்தியால சீவுன மாதிரி பாதியில முடிஞ்சிருந்துச்சு. இது முக்கியமான துப்பு, ஏன்னா சாதாரண நீர்க்கட்டி அநேகமா வேரத் தள்ளும், இது வேரயே தின்னும்.

ஆனா படத்த மட்டும் பாத்து இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இதே மாதிரி தெரியுற கட்டி இன்னும் ரெண்டு மூணு இருக்கு. அதனால கத்திய வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஊசியக் குத்தி இழுத்துப் பாக்கணும். வைக்கோல் கலர்ல தண்ணி வந்தா இதா இருக்கலாம், இல்ல நீர்க்கட்டியா இருக்கலாம். திரிஞ்ச பால் கட்டி மாதிரி வெள்ளையா பிசுபிசுன்னு வந்தா கெரடோசிஸ்ட்ங்கிற வேற ஒண்ணு. சிரிஞ்சு தானாவே ரத்தத்தால நிரம்புச்சுன்னா ஊசிய எடுத்து அழுத்திப் புடிச்சுட்டு கைய எடுத்துடணும், அது ரத்தக்குழாய் முடிச்சு, அதுல போயி பல்லப் புடுங்குனாலோ பயாப்ஸி எடுத்தாலோ ரத்தம் நிக்காம நாற்காலியிலயே உயிர் போயிடும். இவ்வளவு சின்ன ஊசி டெஸ்ட்ட அவசரத்துல விட்டுடாதீங்கன்னு ஹவுஸ் சர்ஜனா இருக்குறப்ப எங்க சார் தலையில குட்டாத குறையா சொல்லுவாரு.

ஊசிக்குப் பிறகு பயாப்ஸி, ஒரு சின்னத் துண்டு வெட்டி லேபுக்கு. மைக்ரோஸ்கோப்புல பாக்குறப்ப ஒரு அழகு இருக்கு, வியாதிய அழகுன்னு சொல்றது சரியான்னு தெரியல, ஆனா இருக்கு. தீவு தீவா செல்லுக் கூட்டம், ஒவ்வொரு தீவுக்கும் ஓரத்துல உயரமான செல்லுங்க மூங்கில் படல் நட்ட மாதிரி வரிசையா, நடுவுல நட்சத்திரம் நட்சத்திரமா தளர்வான செல்லு. ஓரத்துச் செல்லுல கரு, அதாவது செல்லுக்குள்ள இருக்குற நியூக்ளியஸ், வழக்கமா கீழ இருக்க வேண்டியது, இதுல மேல ஏறி உள்பக்கமாத் திரும்பியிருக்கும். எனாமல் போடத் தயாராகுற அமெலோபிளாஸ்ட்டும் கரெக்டா இப்படித்தான் கருவ மேல ஏத்திக்கும். அதாவது இந்தக் கட்டி தான் யாருங்கிறத மறக்கல, வேலைக்கு ரெடியாகி நிக்குது, வேலைதான் வரல. 1970ல விக்கர்ஸும் கோர்லினும் இந்த அடையாளங்களத்தான் பட்டியல் போட்டு வச்சாங்க, இன்னைக்கும் பேத்தாலஜிஸ்ட்டுங்க அதத்தான் தேடுறாங்க.

இதுல ஒரு வகை தனியா சொல்லணும், யூனிசிஸ்டிக்னு பேரு. பெரும்பாலும் சின்ன வயசுப் பசங்களுக்கு, பதினாறு இருபது வயசுல, முளைக்காம எலும்புக்குள்ள படுத்திருக்குற ஞானப்பல்லச் சுத்தி ஒரே ஒரு அறையா வரும். படத்துல பாத்தா சாதாரண நீர்க்கட்டியேதான். எடுத்து லேபுக்கு அனுப்பின பிறகுதான் ஐயையோ இதுவான்னு தெரியும். 1977ல ராபின்சனும் மார்டினெஸும் இத தனி வகையா பிரிச்சுக் காட்டுனாங்க. கட்டிச் செல்லு பையோட உள்சுவத்துல மட்டும் ஒட்டியிருந்தா தோண்டி எடுத்து கார்னாய் திரவம்னு ஒரு மருந்து வச்சு எலும்ப லேசா சுட்டு விட்டாப் போதும், திரும்ப வர்ற வாய்ப்பு கம்மி. சுவத்த ஊடுருவி வெளிப்பக்கம் போயிருச்சுன்னா பெரிய கட்டிக்கு பண்றதத்தான் இதுக்கும் பண்ணணும். அதனால பல் டாக்டர் எடுத்த எந்த நீர்க்கட்டியையும் குப்பையில போடாம லேபுக்கு அனுப்பினாங்களான்னு கேட்டு ரிப்போர்ட்ட வாங்கி வச்சுக்கோங்க. அண்ணன் விஷயத்துல நடக்காம போனது இதுதான். மாத்திரைக்கு அடங்கலன்னு ஒரு இடத்துல நீர்க்கட்டின்னு சொல்லி சுரண்டி எடுத்திருக்காங்க, எடுத்த சதை எங்க போச்சுன்னு அவருக்குத் தெரியல, கேக்கணும்னும் தோணல. அஞ்சு வருஷம் ஒரு தொந்தரவும் இல்ல, அதுக்கப்புறம்தான் இந்த எலுமிச்சம்பழ வீக்கம்.

பேச்சோட பேச்சா, பல்லு கட்டுற செல்லுல வர்ற கட்டி எல்லாமே இப்படி முரட்டுத்தனமானது கிடையாது. 2019ல சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில ஏழு வயசுப் பையன் தாடையில இருந்து 526 குட்டிப் பல்லு எடுத்தாங்களே, நியூஸ்ல எல்லாம் வந்துச்சு, அது ஒடன்டோமா. அதுவும் இதே குடும்பம், ஆனா அங்க பல்லு கட்டுற வேலை முழுசா நடக்குது, ஒரு பல்லுக்குப் பதிலா நூத்துக்கணக்குல கட்டித் தள்ளிடுது. கட்டி முடிச்சதும் நின்னுடும், முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் கதை முடிஞ்சுது. பாக்க பயங்கரமா இருக்குறது ஒடன்டோமா, நிஜமா பயப்பட வேண்டியது சத்தமில்லாம இருக்குற அமெலோபிளாஸ்டோமா.

சரி, ஏன் எலும்ப வெட்டணும்? இந்தக் கட்டிக்கு உறை கிடையாது. கொழுப்புக் கட்டி மாதிரி ஒரு பைக்குள்ள இருந்தா பிதுக்கி எடுத்துடலாம். இது எலும்புக்குள்ள பஞ்சு மாதிரி இருக்குற சந்து பொந்துக்குள்ள விரல் விட்டுப் போயிருக்கும், எக்ஸ்ரேயில கட்டி முடிஞ்ச மாதிரி தெரியுற கோட்டத் தாண்டி 2 மில்லிமீட்டர்ல இருந்து 8 மில்லிமீட்டர் வரைக்கும் செல்லு ஊடுருவியிருக்கும்னு அளந்தே பாத்திருக்காங்க. அதனாலதான் படத்துல தெரியுற எல்லைக்கு வெளிய 1ல இருந்து 2 செ.மீ. வரைக்கும் நல்ல எலும்பையும் சேத்து எடுக்குறாங்க. சும்மா சுரண்டி எடுத்தா பாதிக்கு மேல திரும்ப வந்துடும், 60ல இருந்து 80 சதவீதம் வரைக்கும் சொல்லுவாங்க. எலும்போட சேத்து வெட்டினா அது ரொம்பக் குறைஞ்சிடும்.

நான் இத மில்லிமீட்டர் கணக்குல விளக்கிக்கிட்டு இருந்தேன், அவரு பேசாம கேட்டுக்கிட்டே இருந்துட்டு "கோரைன்னு சொல்லுங்கம்மா"ன்னாரு. பூந்தோட்டத்துல கோரைய மேலாப்புல செதுக்கினா மழை பேஞ்ச பத்தாம் நாள் முன்னவிட அடர்த்தியா நிக்கும், அடியில கிழங்கு கிடக்கே, மண்ணோட ஆழமா தோண்டி எடுத்தாத்தான் போகும், அப்படித்தானன்னு கேட்டாரு. அப்படியேதான்ணே. இருபது வருஷமா கோரையோட மல்லுக்கட்டுனவருக்கு நான் எதுக்கு அவ்வளவு நேரம் வகுப்பெடுத்தேன்னு ஆகிப்போச்சு. அதுக்கப்புறம் எந்த பேஷன்ட்டுக்கும் நான் கோரைதான் சொல்றேன்.

மேல்தாடையில வந்தா இன்னும் சிக்கல். கீழ்த்தாடைக்கு வெளிப்பக்கம் கெட்டியான ஓடு இருக்கு, கட்டிய கொஞ்ச காலமாவது அடைச்சு வைக்கும். மேல்தாடை எலும்பு அப்பளம் மாதிரி, அதத் தாண்டினா சைனஸ், கண்ணுக்குழி, மூளையோட அடித்தளம். அங்க 2 செ.மீ. தள்ளி வெட்டுன்னு சொன்னா எங்க வெட்டுறது? அதனால மேல்தாடை கேஸ்ல ஆரம்பத்துலயே கண்டுபுடிக்கிறது உயிர் பிரச்சன. ரேடியேஷன் குடுக்கலாமேன்னு கேப்பாங்க, இதுக்கு முதல் தேர்வா அத வைக்கிறது இல்ல, பினைன் கட்டிக்கு கதிர் வச்சு பின்னாடி அந்த இடத்துலயே நிஜக் கேன்சர வரவழைக்கிற ஆபத்து வேற இருக்கு.

தாடைய எடுத்துட்டா முகம் என்ன ஆகும்னுதான் எல்லாருக்கும் பயம், வீட்டம்மாவுக்கு அதவிடப் பெரிய பயம். இங்கதான் கடந்த முப்பது முப்பத்தஞ்சு வருஷத்துல வந்த மாற்றத்தச் சொல்லணும். முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு, உள்பக்கம் தடியானது உடம்பு பாரத்தத் தாங்குறது, வெளிப்பக்கம் புல்லாங்குழல் மாதிரி மெலிசா ஒண்ணு, ஃபிபுலா. அதோட வேலை கம்மி. முட்டிப் பக்கம் கொஞ்சம், கணுக்கால் பக்கம் கொஞ்சம் விட்டுட்டு நடுவுல இருந்து 20 செ.மீ.க்கு மேலயே எடுக்கலாம், ஆளு நடப்பாரு, வேலை செய்வாரு. 1989ல ஹிடால்கோங்கிற அமெரிக்க சர்ஜன் இந்த எலும்ப அதோட ரத்தக்குழாயோட எடுத்து தாடையாக்கிக் காட்டுனாரு, இப்ப உலகம் பூரா அதுதான் பண்றாங்க. நேரா இருக்குற எலும்ப ஆப்பு ஆப்பா வெட்டி மடக்கி தாடை வளைவுக்குக் கொண்டு வருவாங்க, டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குவாங்க, அப்புறம் ரெண்டு மூணு மில்லிமீட்டர் தடிமன் உள்ள ரத்தக்குழாய கழுத்துல இருக்குற குழாயோட மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ, தலைமுடியவிட மெலிசான நூலால தைப்பாங்க. ரெண்டு டீமு, ஒண்ணு கால்ல ஒண்ணு தாடையில, காலையில உள்ள போனா வெளிய வர்றதுக்கு ராத்திரி ஆயிடும். அந்தத் தையல்ல ரத்தம் ஓடுனாத்தான் எலும்பு உயிரோட இருக்கும், அதனால மொத ரெண்டு மூணு நாள் நர்ஸு மணிக்கொரு தடவ வந்து கலர் பாப்பாங்க, டாப்ளர்ங்கிற கருவிய வச்சு ரத்தம் ஓடுற சத்தம் கேப்பாங்க. அண்ணனும் கடைசியில ஒத்துக்கிட்டு இந்த ஆபரேஷன்தான் பண்ணிக்கிட்டாரு, அவரு சம்சாரம் அந்த 'உஷ் உஷ்' சத்தத்த வாசல்ல நின்னு எண்ணிக்கிட்டு இருந்தாங்களாம், டாக்டருங்களவிட எனக்குத்தான் மொதல்ல தெரியும்னு இப்பவும் பெருமையாச் சொல்லுவாங்க.

மூக்கு வழியா போட்ட குழாயில ரெண்டு வாரம் கஞ்சித் தண்ணியும் பாலும் அரைச்ச சத்துமாவும். அப்புறம் குழைய வடிச்ச ரசஞ்சோறு. வெட்டுன பக்கத்துல உதடு நிரந்தரமா மரத்துப்போகும், ஏன்னா தாடைக்குள்ள ஓடுற நரம்பும் அநேகமா எலும்போட போயிடும், காப்பி சூடா இருக்கான்னு உதடு சொல்லாது, சாப்புடுறப்ப ஓரத்துல பருக்கை ஒட்டியிருந்தா தெரியாது. இத ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லணும், நிறைய இடத்துல சொல்றது இல்ல. ஆறு மாசம் போல கழிச்சு தாடையா வச்ச கால் எலும்புலயே இம்பிளான்ட், அதாவது பல்லு வேருக்குப் பதிலா திருகுற ஸ்க்ரூ, வச்சு பல்லு கட்டலாம். அதுக்கான செலவு தனி, காப்பீட்டு கார்டுல ஆபரேஷன் அடங்கினாலும் இந்தப் பல்லு வேலை அடங்குமான்னு தனியா கேட்டுக்கணும். வெளிநாட்டுல சில இடத்துல கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே பிளான் போட்டு எலும்பு வைக்கிறது, இம்பிளான்ட், பல்லு எல்லாத்தையும் ஒரே ஆபரேஷன்ல முடிச்சிடுறாங்க.

இதுல புதுசா வந்திருக்கிறது ஜீன் சமாச்சாரம். 2014ல ஃபின்லாந்துலயும் அமெரிக்காவுலயும் தனித்தனியா வேலை பாத்த குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்துல கண்டுபுடிச்சது என்னன்னா, இந்தக் கட்டிகள்ல மூணுல ரெண்டு பங்குக்குப் பக்கத்துல பிராஃப்ங்கிற ஒரே ஜீன்ல ஒரே எழுத்துப்பிழை. அந்த ஜீன் செய்யுற புரதத்துல 600வது இடத்துல வாலின் இருக்க வேண்டியது குளூட்டமிக் அமிலமா மாறிடுது, அதனால வளரு வளருன்னு சொல்ற சுவிட்சு ஆன்லயே சிக்கிக்குது. கீழ்த்தாடைக் கட்டியிலதான் இது அதிகம், மேல்தாடையில அநேகமா ஸ்மோங்கிற வேற ஜீன். சுவாரசியம் என்னன்னா இதே எழுத்துப்பிழை மெலனோமாங்கிற தோல் கேன்சர்லயும் இருக்கு, அதுக்கு மாத்திரை ஏற்கனவே ரெடி. டப்ராஃபெனிப், டிராமெட்டினிப்னு ரெண்டு மாத்திரைய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல ஒரு பேஷன்ட்டுக்கு குடுத்துப் பாத்தாங்க, பல தடவ திரும்பி வந்து நுரையீரல் வரைக்கும் போன கட்டி, நல்லா சுருங்குச்சு, 2015ல அது வெளியாச்சு. 2022ல மருந்துக்கு அனுமதி குடுக்குற அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ, ஆபரேஷன் பண்ண முடியாத இல்ல வேற இடத்துக்குப் பரவிட்ட, இந்தப் பிழை இருக்குற திடக்கட்டிகளுக்கு, குடல் கேன்சரத் தவிர, இந்த ஜோடிய அனுமதிச்சாங்க. இஸ்ரேல்ல ஒரு குழு சின்ன வயசுக்காரங்களுக்கு மொதல்ல மாத்திரை குடுத்து கட்டியச் சுருக்கிட்டு அப்புறம் தாடைய வெட்டாம மிச்சத்த மட்டும் எடுத்துக் காட்டியிருக்காங்க.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மாத்திரை விலை எக்கச்சக்கம், காய்ச்சல், தோல் பிரச்சனைன்னு பக்கவிளைவு உண்டு, நிறுத்துனா திரும்ப வளரலாம். இன்னைக்கு தேதிக்கு ஆபரேஷன் பண்ணக்கூடிய நிலமையில இருக்குற ஆளுக்கு ஆபரேஷன்தான். ஆனாலும் பயாப்ஸி பிளாக்க, அதாவது வெட்டுன சதைத் துண்டப் பதிச்சு வச்ச மெழுகுத் துண்ட, லேபுல பத்திரமா வைக்கச் சொல்லுங்க. பின்னால திரும்ப வந்தா அதுலயே ஜீன் டெஸ்ட் பண்ணலாம்.

நுரையீரல் வரைக்கும் போச்சுன்னு மேல எழுதினேன், பினைன்னா போகாதுன்னும் ஆரம்பத்துல எழுதினேன், ரெண்டும் இடிக்குதேன்னு கேப்பீங்க. ரொம்ப ரொம்ப அபூர்வமா மைக்ரோஸ்கோப்புல அச்சு அசல் பினைனாவே இருந்துக்கிட்டு நுரையீரலுக்குப் போற வகை ஒண்ணு உண்டு, பல வருஷம் கழிச்சு, அநேகமா பல தடவ ஆபரேஷன் ஆனவங்களுக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாட்டுலயே அதுக்குத் தனி இடம் குடுத்திருக்காங்க. மருத்துவத்துல எந்த வரையறையும் இந்த ஓரத்துல கொஞ்சம் ஒழுகும்.

திரும்ப வர்றதுல பாதிக்கு மேல மொத அஞ்சு வருஷத்துக்குள்ளயே வந்துடும், ஆனா பத்து வருஷம் தாண்டி வந்ததும் இருக்கு. அதனால அஞ்சு வருஷம் ஆயிடுச்சு தப்பிச்சோம்னு ஃபைல மூட முடியாது, வருஷத்துக்கு ஒரு ஓபிஜியாவது எடுத்துப் பாக்கணும், ஆயுசுக்கும்.

அண்ணன் ஒவ்வொரு தை மாசமும் மல்லிப்பூ வரத்து கம்மியா இருக்குற நேரமாப் பாத்து ஃபிலிமோட வந்துடுவாரு. இடது பக்கம் நாலு ஸ்க்ரூ வரிசையோட கால் எலும்பு தாடையா உக்காந்திருக்கு, ஒட்டுன இடத்துல கோடுகூட சரியாத் தெரியல. அவருக்கு இப்ப இருக்குற ஒரே தொந்தரவு வேற. கட்டி ஈறையும் அரிச்சிருந்ததால எலும்போட சேத்து கால் தோலும் கொஞ்சம் எடுத்து வாய்க்குள்ள வச்சுத் தைச்சிருக்காங்க. கால் தோலுக்கு தான் இடம் மாறுனது தெரியாதில்ல, வாய்க்குள்ள கருகருன்னு முடி வளருது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து வாயத் தொறந்து "ஷேவிங் பண்ணி விடுங்கம்மா"ன்னு உக்காருவாரு, நானும் சின்னக் கத்திரிய எடுத்து ஒட்ட நறுக்கி விடுவேன். மொத தடவ அதுக்கு என்ன ஃபீஸ் வாங்குறதுன்னு எனக்குத் தெரியல, கால் கிலோ மல்லி குடுத்துட்டுப் போனாரு.